எண்களும் பாஷ்யங்களும்

இரவு ஷிப்ட் முடித்து உறக்கத்தையும் ஒத்திவைத்து வந்திருக்கும் ஆலைத் தோழர்களே!

சங்கரர் பாஷ்யம் கண்ட அதே பிரம்ம சூத்திரங்களை எடுத்துக்கொண்டு, வேறொரு சித்தாந்தத்தை ஸ்ரீபாஷ்யத்தால் நிலைநாட்டிய இராமாநுசர் அவதரித்த இந்த ஸ்ரீபெரும்புதூரில், கிடைத்த எண்களுக்கெல்லாம் ஆகச் சிறந்த விளக்கம் ஒன்றைப் புள்ளியியல் கண்டுபிடித்துவிடுமா என்று கேட்பது மிகவும் பொருத்தமென்றே கருதுகிறேன்.

1945-இல் கல்கத்தாவில் சி. ஆர். ராவ் என்னும் இளைஞர் வெளியிட்ட கட்டுரை, சாய்வற்ற மதிப்பீடு எதுவும் துல்லியத்தில் தாண்ட முடியாத எல்லையொன்று உண்டென்று நிறுவிற்று. ஆயினும் அவ்வெல்லை, எண்கள் உண்டான விதத்தை விளக்க நாம் வகுத்த மாதிரி சரியென்று கொண்ட பிறகே பேசத் தொடங்குகிறது. மாதிரியே சரிதானா என்ற கேள்விக்கு அது பொறுப்பேற்பதில்லை.

ஒரகடத்து ஆலையொன்றின் பெயிண்ட் ஷாப்பில், ஐப்பசி பிறந்ததும் கார்க் கதவுகளில் கொப்புளம் மிகுகிறதென்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழையால் காற்றில் ஈரம் ஏறுகிறது. அதே மாதத்தில் புதிய ஒப்பந்தத் தொழிலாளரும் வேலைக்கு வருகிறார்கள். ஈரமே காரணமென்னும் மாதிரியும், புதிய கைகளே காரணமென்னும் மாதிரியும் ஒரே கணக்கோடு சமமாகப் பொருந்தி நிற்கும். எத்தனை லட்சம் கதவுகளின் கணக்கைச் சேர்த்தாலும், அவ்விரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும்வரை, கணிப்பொறி அவற்றைப் பிரித்துக் காட்டாது. முதல் விளக்கத்தை ஏற்றால் காற்றைச் சீராக்கும் யந்திரத்துக்குச் செலவு. இரண்டாவதை ஏற்றால் குற்றமற்ற ஓர் இளைஞனுக்கு வேலை போகிறது. என் மனத்தை வாட்டுவது இந்த வேறுபாடுதான்.

சூத்திரங்களோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க எந்தப் பாஷ்யகாரருக்கும் உரிமையில்லை. ஆலையிலோ புதிய சான்றை நாமே உண்டாக்கலாம். ஈரத்தை வேண்டுமென்றே ஒருநாள் ஏற்றியும் ஒருநாள் இறக்கியும், பழைய கைகளையும் புதிய கைகளையும் சீட்டுக் குலுக்கி மாற்றி நிறுத்தியும் பார்ப்பதே புள்ளியியலாளர் ஃபிஷர் காட்டிய மார்க்கம். 1950-களில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்திருந்த ஜப்பானியர் டகுச்சி, அத்தகைய சோதனையை ஆலைத் தளத்துக்கே உரியதாக்கினார். அதன் பிறகும் நமக்குக் கிடைப்பது, சோதித்தவற்றுள் சிறந்தது மட்டுமே. கம்பிரசர் காற்றோடு கலந்துவரும் எண்ணெயை எவரும் குறித்துவைக்கவில்லையென்றால், அது எந்த மாதிரிக்குள்ளும் வராது. அதை முதலில் உணர்பவர் பெயிண்ட் பூத்தில் நிற்பவரே.

ஆகையால் நிர்வாகிகளை வேண்டுகிறேன்: கணிப்பொறி ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டும் நாளில், கையொப்பமிடுமுன், அதே கணக்கோடு பொருந்தும் வேறு விளக்கங்கள் எவற்றைப் பரிசீலித்தீர்களென்று எழுதிவைத்து, அந்தத் தொழிலாளியையும் அழைத்து, அவர் சொல்வதையும் அதே தாளில் பதிவு செய்யுங்கள்.