அக்கா என்று கூப்பிடும் பறவை

கரியாலூர்ல கோடை வந்தா, விடியுறதுக்கு முன்னாடியே ஒரு பறவை 'அக்கா... அக்கா...'ன்னு குரலை ஏத்திக்கிட்டே போகும். பார்க்க வல்லூறு மாதிரி இருக்கும். ஆனா குயில் இனம். பேரே அக்காக்குயில்.

இதே குரல் இந்தியில 'பீ கஹான்', அன்பே எங்கே? மராத்தியில 'பாவுஸ் ஆலா', மழை வந்தாச்சு. வெள்ளைக்காரங்க காதுக்கு 'பிரெயின் ஃபீவர்', மூளைக்காய்ச்சல்! ஒரே பறவை, அவங்கவங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுது.

எங்க அக்கா கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போன வருஷம், அந்தக் குரல் கேட்டா அம்மா வாசலுக்கு வந்து நின்னுடுவாங்க. இப்ப என் பொண்ணு செல்போன்ல பதிவு பண்ணி, ஆங்கிலப் பேரைச் சரியாச் சொல்றா. 'யாரைக் கூப்பிடுதுன்னு தெரியுமா?'ன்னு கேட்டேன். முழிச்சா.

உங்க ஊர்ல அது என்ன சொல்லுது? பாட்டிகிட்ட இன்னைக்கே கேட்டு வைங்க.