கிரெடிட்னா கடன் மட்டும்தானா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.)

 

என்னைக் கணக்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் இன்னைக்கு நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போறேன். அது இங்கிலீஷ் வார்த்தை. நாம் எல்லோரும் தினமும் சொல்ற வார்த்தை. கிரெடிட்!

எங்க தெருவில் ஒரு பாட்டி இருக்காங்க. ஒருநாள் காலையில் போனைக் கையில் வெச்சுக்கிட்டு அழாத குறையா வந்தாங்க. "ஏம்மா, நான் யார்கிட்டயும் ஒத்த ரூபா கடன் வாங்கலியே. என் பேர்ல கிரெடிட்னு வந்திருக்குன்னு பேரன் படிச்சான். இப்ப நான் யாருக்குக் கட்டணும்?" என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். அந்த மாதத்து முதியோர் உதவித்தொகை அவங்க கணக்கில் ஏறியிருக்கு. அவ்வளவுதான்! "பாட்டி, இது நீங்க கட்ட வேண்டியது இல்ல, உங்களுக்கு வந்தது" என்று சொன்ன பிறகுதான் அவங்க முகத்தில் உயிர் வந்தது.

பாட்டி பயந்ததில் தப்பு இல்லை. கிரெடிட்னா கடன் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கோம். அப்படியானால் பணம் வந்தாலும் கிரெடிட், கடன் வாங்கினாலும் கிரெடிட், இது எப்படி?

பாஸ் புத்தகத்தில் கிரெடிட்

பாஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பற்று, வரவு, இருப்பு என்று மூன்று பத்தி இருக்கும். பற்று என்றால் டெபிட், பணம் போனது. வரவு என்றால் கிரெடிட், பணம் வந்தது. இதை மட்டும் மனசில் வைத்தால் போனில் வரும் பாதிச் செய்தி புரிந்துவிடும்.

வரவுக்கு ஏன் அந்தப் பேர்? நாம் 500 ரூபாய் வங்கியில் போடுகிறோம். அந்த 500 ரூபாயை நாம் கேட்கும்போது வங்கி திருப்பித் தர வேண்டும். அப்படின்னா நமக்கு வங்கிதானே கடன்காரர்? (சிரிப்பு) சிரிக்காதீங்க, அதுதான் உண்மை! நாம் வங்கியை நம்பிக் கொடுத்திருக்கிறோம். அதைத்தான் வங்கி நம் கணக்கில் கிரெடிட் என்று எழுதுகிறது.

இங்கேயே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்குப் பணம் கிரெடிட் ஆகணும், பின் நம்பர் போடுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போனில் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. பணம் அனுப்புவதற்குத்தான் வேண்டும். நம் வட்டாரத்திலேயே இப்படி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

வார்த்தையின் வேர்

இந்த வார்த்தை லத்தீன் என்ற பழைய மொழியிலிருந்து வந்தது. அங்கே இதன் வேருக்கு 'நம்புவது' என்று பொருள். இத்தாலி, பிரான்ஸ் நாட்டு வியாபாரிகள் வழியாக 1500-களில் இங்கிலீஷுக்குப் போனது. சரக்கை இப்ப எடுத்துக்கோ, காசை அப்புறம் கொடு என்று ஒரு வியாபாரி சொன்னால், உன்னை நான் நம்புறேன் என்றுதானே அர்த்தம்? அந்த நம்பிக்கைக்குத்தான் கிரெடிட் என்று பேர். பிறகு அப்படிக் கொடுத்த பணத்துக்கும் அதே பேர் வந்துவிட்டது.

நம் தமிழில் இதற்கு வார்த்தை இல்லையா? இருக்கிறது! "அவ ரொம்ப நாணயமான பொம்பள" என்று சொல்கிறோமே, அந்த நாணயம். கையில் இருக்கும் காசுக்கும் நாணயம், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம்.

கடன் என்ற சொல்லையும் பாருங்கள். நன்றிக்கடன் என்கிறோம். கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறோம். பெற்றவர்களுக்குச் செய்யும் கடன் என்கிறோம். அங்கெல்லாம் கடன் என்றால் செய்ய வேண்டிய கடமை. இங்கிலீஷ்காரர்கள் கொடுப்பவரின் நம்பிக்கையைப் பார்த்துப் பேர் வைத்தார்கள். நம்மவர்கள் வாங்கியவரின் கடமையைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சகோதரிகளே, ஒரு குழு நடக்கும்!

நம்மை யார் நம்பினார்கள்?

அந்தக் காலத்தில் நம் அம்மாக்களுக்கு யார் கடன் கொடுத்தார்கள்? நகை இருந்தால் அடகுக் கடை. பத்திரம் இருந்தால் வங்கி. ஒன்றும் இல்லையென்றால் கந்துவட்டி, தண்டல். அவர்கள் நகையை நம்பினார்கள், பத்திரத்தை நம்பினார்கள். நம்மை நம்பவில்லை.

பங்களாதேஷில் 1976-ல் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், தன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே பெண்கள் மூங்கில் முக்காலி பின்னிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன் வாங்கி, செய்த முக்காலியை அவர் சொன்ன விலைக்கே அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க உழைத்தும் மிஞ்சியது சில காசுதான். இப்படிச் சிக்கியவர்கள் 42 பேர். அவர்களுடைய மொத்தக் கடன் எவ்வளவு தெரியுமா? வெறும் 27 டாலர்! அதைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். பிறகு வங்கிக்குப் போய்க் கேட்டார். ஏழைகள் கிரெடிட்டுக்குத் தகுதி இல்லாதவர்கள், அதாவது நம்பத் தகாதவர்கள் என்றார்கள். அவரே ஜாமீன் நின்று வாங்கிக் கொடுத்தார். அந்த ஏழைகள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள். 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது. 2006-ல் அவருக்கும் அந்த வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் தனி வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் குழுக்கள் அமைக்கும் திட்டம் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனை முயற்சியை ஆரம்பித்தது. எதை நம்பிக் கொடுத்தார்கள்? நம் வருகைப் பதிவேட்டை, தீர்மானப் புத்தகத்தை, வாரம் தவறாத சேமிப்பை, உள்கடன் திரும்பிய கணக்கை. அந்த 20 ரூபாய் சேமிப்புதான் நமக்குப் பத்திரம்!

என் கதை

இப்ப நான் சொல்லப் போறதை இந்த மேடையில் இதுவரைக்கும் சொன்னதில்லை. பொருளாளராக இருந்துகொண்டு உங்களுக்கெல்லாம் புத்தி சொன்னவள் நான். வெட்கப்பட்டு மறைத்தேன்.

2014-ல் பக்கத்து வீட்டு அக்கா வந்தார்கள். அவர் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை. "என் பேர்ல ஏற்கெனவே லோன் ஓடுது, புதுசா தர மாட்டேங்கறாங்க. உன் பேர்ல எடுத்துக் கொடும்மா, தவணையை நான் கட்டிடறேன்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. ஒரு தனியார் பைனான்சில் 30,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். ஏழு தவணை கட்டினார்கள். பிறகு வீட்டுக்காரர் தவறிவிட்டார். அவர்கள் பிள்ளைகளோடு பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். நான் இரண்டு தவணை கட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. கொஞ்ச நாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. 2018-ல் தையல் கடை போட நினைத்தேன். நாலு மிஷின், என்னோடு சேர்ந்து தைக்க நம் குழுப் பெண்கள் இரண்டு பேர். கடைக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டேன். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீங்க ஒரு கடனை நிறுத்திட்டீங்களேம்மா" என்றார். நாலு வருஷத்துக்கு முந்தைய கணக்கு அப்படியே என் பேரில் நின்றது! அது நான் செலவழித்த பணம் இல்லை சார் என்றேன். "கையெழுத்து உங்களுதுதானே?" என்றார். என்ன பதில் சொல்வது?

கடன் கிடைக்கவில்லை. அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது. என்னை நம்பிக் காத்திருந்த இரண்டு பேரும் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். அதுதான் இன்னைக்கும் எனக்கு உறுத்துகிறது. தோட்டை அடகு வைத்து முழுத் தொகையும் கட்டி முடித்தேன். கடை போட இன்னும் மூன்று வருஷம் ஆனது.

அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். முடிந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார்கள். பணத்தை இரவல் கொடுத்திருந்தால் பணம்தான் போயிருக்கும். நான் என் பேரை இரவல் கொடுத்துவிட்டேன்.

நாணயத்துக்கும் ஒரு பதிவேடு

நாம் சிபில், சிபில் என்று சொல்வது ஒரு நிறுவனத்தின் பேர். 2000-ல் தொடங்கியது. இப்படி நம் நாட்டில் நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. யார் எங்கே கடன் வாங்கினார், எப்போது கட்டினார் என்று எழுதி வைப்பதுதான் இவர்கள் வேலை. 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுவார்கள். நமக்கு வருகைப் பதிவேடு மாதிரி, இது கடன் பதிவேடு. குழு வழியாக வங்கிக் கடன் வாங்கும் உறுப்பினர்களின் விவரத்தையும் தனித்தனியாகத் தரச் சொல்லி 2016-ல் ரிசர்வ் வங்கி வழிகாட்டியது. குழுவுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அதே சமயம், ஒழுங்காகக் கட்டினால் அந்தப் பெருமையும் உங்கள் பேரிலேயே ஏறும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: உங்கள் பேரில் அடுத்தவருக்குக் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள். உண்மையான கஷ்டம் என்றால் குழுவில் சொல்லுங்கள். உள்கடனாகத் தீர்மானம் போட்டு, அவர்கள் பேரிலேயே கொடுக்கலாம். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

இரண்டு: ஆதார் நகல், கைரேகை, போனில் வரும் நம்பர் எதையும் எதற்கென்று கேட்காமல் கொடுக்காதீர்கள். அதைக் காட்டியே நம் பேரில் கடன் எடுக்கலாம்.

மூன்று: நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். படித்த பிள்ளைகளை விட்டு எடுத்துப் பாருங்கள். வாங்காத கடன் இருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024-ல் நடைமுறைக்கு வந்தது.

நாலு: கடனை முடிக்கும்போது, "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்பார்கள். அப்படிச் செய்தால் பதிவேட்டில் முழுதும் கட்டி முடித்ததாக வராது, பேசித் தீர்த்ததாகத்தான் வரும். முடிந்தவரை முழுதும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒரு கிரெடிட்

இந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. "அந்தக் கிரெடிட் எல்லாம் அவளுக்குத்தான்" என்கிறோமே, அது. செய்த வேலைக்கு உரிய பேர். சினிமா முடிந்ததும் வரிசையாகப் பேர் ஓடுதே, அதற்கும் கிரெடிட் என்றுதான் சொல்வார்கள். லைட் பிடித்தவர் பேர்கூட அதில் வரும்.

நம் வீட்டில் வருகிறதா? விடியற்காலையில் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைப்பது யார்? பால் கறப்பது யார்? பால் சொசைட்டி அட்டை யார் பேரில் இருக்கிறது? களை எடுப்பது நாம். "விவசாயி யார்?" என்று அதிகாரி கேட்டால் வீட்டுக்காரர் முன்னே வருகிறார். சண்டை போடச் சொல்லவில்லை. பேரைச் சேருங்கள் என்கிறேன். அட்டையில் பேர் இருந்தால்தான் பணம் நம் கணக்கில் வரும். கணக்கில் வந்தால்தான் வங்கி நம்மை நம்பும்.

நமக்குள்ளேயும் இதைச் செய்வோம். மழையில் நனைந்து வங்கிக்கு ஓடும் பிரதிநிதியை, ராத்திரி விளக்கில் கணக்கு எழுதும் சகோதரியை, என்றைக்காவது கை தட்டிப் பாராட்டியிருக்கோமா? கூட்டம் முடிவதற்குள் அவர்கள் பேரைச் சொல்லி ஒரு நன்றியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

சகோதரிகளே! பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். பேர் போனால், எனக்கு ஏழு வருஷம் ஆனது. உங்களில் யாருக்காவது என்னைப் போல ஒரு கணக்கு மறைவில் இருந்தால், வெட்கப்படாமல் அடுத்த கூட்டத்தில் குழுவில் சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்ப்போம். அதற்குத்தானே நாம் குழுவாகச் சேர்ந்தோம்!