சீனிச்சட்டியைப் பழக்குவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பையொட்டி ராயகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் நாட்டு நடப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். என்னிடம் மட்டும், "நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க அண்ணாச்சி, வீட்டுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். ஆகவே நேராக அடுப்பங்கரைக்கே உங்களை அழைத்துப் போகிறேன்.

இன்றைய பொருள் இருப்புச்சட்டி. சென்னைக்காரர் வாணலி என்பார். நம் பக்கத்தில் சீனிச்சட்டி. சீனச்சட்டியைத்தான் நாம் சீனிச்சட்டி ஆக்கிவிட்டோம். சீனர்கள் 'வோக்' என்று சொல்லும் குழிந்த சட்டியும் இதுவும் ஒரே குடும்பம். அவர்கள் அதில் நூடுல்ஸ் புரட்டுகிறார்கள், நாம் வெண்டைக்காய் வதக்குகிறோம்.

தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆச்சி காலத்துச் சட்டியைத் துருப்பிடித்துவிட்டது என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, ரத்தம் ஊற வேண்டும் என்று பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டோம். இரும்பைக் கொடுத்துவிட்டு இரும்புச்சத்தைத் தேடிய புத்திசாலிகள் நாம்! (சிரிப்பு)

சிரிப்புக்கு நடுவே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருப்புச்சட்டியில் சமைத்தால் உணவில் கொஞ்சம் இரும்பு சேர்கிறது. எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்று 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளைவிட இருப்புப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதலாக உயர்ந்தது. இது மருந்துக்கு மாற்று அல்ல, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலசீமியா போன்ற நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நான்ஸ்டிக் இருக்கும்போது இந்தக் கனத்தை யார் தூக்குவது?" என்று மதினிமார் கேட்பது காதில் விழுகிறது. டெஃப்லான் 1938-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மிதமான தீயில் தோசைக்கும் முட்டைக்கும் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும். வதக்கலுக்கோ வெறும் சட்டி நன்றாகக் காய வேண்டும். அந்த வேலைக்கு இரும்புதான் சரி.

முதலில் வாங்கும் விதம். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, தென்காசிப் பக்கத்துக் கடைகளில் இருப்புச்சட்டி வாங்கிப் போவதைப் பார்க்கிறோம். அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று தகட்டை அடித்துச் செய்தது. இது சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும், கீழே விழுந்தால் நெளியுமே தவிர உடையாது. மற்றது உருக்கி வார்த்த வார்ப்பிரும்பு. மெதுவாகக் காயும், சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் கரிச்சத்து 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் எளிதில் உடையும் குணம் உண்டு. சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். அன்றாடம் கிளறிப் புரட்ட அடித்த சட்டி, பொரிக்கவும் நிதானமாக வதக்கவும் வார்ப்புச் சட்டி என்பது என் யோசனை.

கடையில் நான்கு சோதனை. விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீர் என்றால் நல்லது, 'பொத்' என்றால் விரிசல் இருக்கலாம். காதுகளை ஆட்டிப் பாருங்கள், ஆணி அசையக் கூடாது. உள்ளே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் வாங்காதீர்கள். கடைசியாக ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத சட்டி பரணுக்குத்தான் போகும். மின் இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அடி தட்டையானதாக வாங்க வேண்டும்.

இனிப் பழக்கும் விதம். சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, கடைக்காரர் தடவிய எண்ணெயைப் போக்குங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீரையோ வடிகஞ்சியையோ நிரம்ப ஊற்றி வையுங்கள். தினம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் மாற்றி, மூன்று நாள். ஆச்சிமார் செய்ததில் வேதியியல் இருக்கிறது. கழுநீர் புளிக்கும்போது லேசான அமிலம் உண்டாகித் துருவை இளக்குகிறது.

நான்காம் நாள் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைக்க வேண்டும். நல்லெண்ணெய் சில சொட்டு விட்டு, உள்ளும் புறமும் துணியால் தடவுங்கள். பிறகு எண்ணெயே தடவாதது போல் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதிகம் விட்டால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். ஜன்னலைத் திறந்து வைத்துப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிடுங்கள். இப்படி நான்கு தடவை. சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கெட்டியான மெல்லிய படலமாகி இரும்பின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கறுப்புதான் நமது நான்ஸ்டிக்! தேங்காய் எண்ணெய் இப்படிக் கைகோப்பது குறைவு. ஆகவே பழக்குவதற்கு அது வேண்டாம், சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதம் வடை, அப்பளம், வெங்காயம், உருளைக்கிழங்கு என்றே போகட்டும். புளிக்குழம்பு, தக்காளி வேண்டாம், புளிப்பு படலத்தை அரித்துவிடும். சமைத்ததை அதிலேயே வைக்கவும் கூடாது. வாழைக்காய், கத்தரிக்காய் கறுத்தால் பயப்படாதீர்கள். காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்த நிறம் அது, விஷம் ஒன்றுமில்லை.

வதக்கும்போது காயில் ஈரம் இருக்கக் கூடாது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சட்டியிலிருந்துதான் பிடுங்கும், காய் வதங்காமல் வெந்துபோகும். ஹோட்டல் அடுப்பின் வேகம் வீட்டு அடுப்புக்குக் கிடையாது. ஆகவே பாதிப் பாதியாகப் போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் முத்துப்போல் உருண்டு ஓட வேண்டும், அப்போது எண்ணெய் விடுங்கள்.

சமைத்து முடிந்ததும் கழுவி, அடுப்பில் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். சாரல் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும், இந்த ஒரு நிமிஷ வேலையை அப்போது விடவே கூடாது.

கடைசியாக ஒன்று. துருப்பிடித்த சட்டி செத்த சட்டி அல்ல. ஓட்டை, விரிசல் இல்லையென்றால் துருவைச் சுரண்டித் தேய்த்து, கழுநீரில் போட்டு, மறுபடி பழக்கினால் எழுந்து உட்கார்ந்துவிடும். வயசான நம் மாதிரிதான், கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதும். (கைதட்டல்)

ஊருக்குப் போனதும் பரண்மேல் ஏறிப் பாருங்கள். ஆச்சியின் சட்டி அங்கே கிடந்தால் இறக்குங்கள். நீங்களே பழக்கி மகளுக்கும் மருமகளுக்கும் கொடுங்கள். மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவனும் வதக்கப் படிக்கட்டும். சட்டியை மட்டும் கொடுத்தால் அது மறுபடி துருப்பிடிக்கும். பழக்கும் விதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பேரன் பேத்தி காலம்வரை உழைக்கும்.