எழுதும் இடமும் எழுத்து மொழியும்



மாணவர்களின் கட்டுரைகளைப் பல்லாண்டுகள் நாம் திருத்தியிருக்கிறோம். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், லகர ளகர ழகர வேறுபாடு என எதையும் விட்டுவைத்ததில்லை. ஆயினும், "இதை எங்கே அமர்ந்து எழுதினாய்? முதலில் எந்த மொழியில் எழுதினாய்?" என்று மட்டும் கேட்டதில்லை. பணி ஓய்வுக்குப் பின்னரே அக்கேள்வி நமக்குத் தோன்றியது.

அதற்குக் காரணம், எழுத்துப் பயிற்சிக்காக நம்மிடம் வந்த தொடக்கக்கல்லூரி மாணவி ஒருவர். நான்கறை வீவக வீட்டில் பாட்டி, பெற்றோர், தம்பியோடு வசிப்பவர். வீட்டில் உள்ள ஒரே எழுதுமேசையில் மற்றப் பாடங்களை முடித்துவிடுவார். தமிழ்க் கட்டுரையையோ பெருவிரைவு ரயிலில் கைப்பேசியில் ஆங்கிலக் குறிப்பாகத் தொடங்கி, இரவில் படுக்கையில் இருந்தபடி தமிழாக்குவார். அவருடைய நாட்குறிப்பு ஆங்கிலத்தில். தோழியர்க்கு அனுப்பும் தமிழ்ச் செய்திகள் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தில் அவர் எழுதியவை யாவும் மதிப்பெண்ணுக்காக எழுதியவையே.

தீபாவளிக்கு முந்திய நாள் பாட்டியுடன் தேக்காவுக்குச் சென்றதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, "அந்த மாலை எனக்கு மறக்க முடியாத ஓர் அனுபவத்தைக் கொடுத்தது" என்று தொடங்கியது. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அதில் பாட்டியும் இல்லை, தேக்காவும் இல்லை. "அன்று என்னம்மா நடந்தது? வீட்டில் சொல்வதுபோலச் சொல்" என்றோம். தயங்கிச் சொன்னார்: "கூட்டத்துல பாட்டி என் கைய விடவே இல்ல, ஐயா."

அதையே எழுதச் சொன்னோம். "கூட்டத்தில் பாட்டி என் கையை விடவே இல்லை" என்று எழுதினார். மாறியவை சொல்லீறுகள் சிலவே. சொற்களும் அவற்றின் வரிசையும் அப்படியே நின்றன.

மொழியியலார் இதனை இரட்டை வழக்கு என்பர். சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து உலகெங்கும் பரவியது. தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் தொலைவு உண்டு என்பது உண்மையே. ஆயினும் அத்தொலைவு பெரிதும் ஒழுங்குடையது. வந்தாங்க, வந்தார்கள், இருந்துச்சு, இருந்தது, வீட்டுல, வீட்டில் என்று ஒரு சீராகவே மாற்றம் நிகழ்கிறது. ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்குவதைவிட, தம் பேச்சை எழுத்தாக்குவது மாணவர்க்கு அணுக்கமான வழி. எனவே முதற்படி பேச்சுத்தமிழில் அமையட்டும். திருத்தப்படி எழுத்துத்தமிழில் அமையட்டும்.

எழுதும் கருவியையும் கவனித்தல் வேண்டும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டச்சிடும் மாணவர், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்துகளாகவே மனத்தில் காண்கிறார். கைப்பேசி காட்டும் சொற்களுள் ஒன்றைத் தொட்டுவிட்டால், பள்ளியா பல்லியா என்று சிந்திக்கும் வேலையும் இல்லை. 1999இல் உருவான தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. விரல் வேறிடம் செல்லும்போது வேறுபாடும் நினைவில் பதியும். அதனைப் பழகும் வரை தாளும் பேனாவும் போதும்.

ஆசிரியப் பெருமக்களிடம் நமது வேண்டுகோள் ஒன்றே: நாள்தோறும் பத்து நிமிடம், மதிப்பெண் இல்லாத ஒரு குறிப்பேடு. மாணவச் செல்வங்களே, எழுதுமேசையின் ஒரு மூலையை அந்தக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிய கை, இறுதித் தேர்வு முடிந்த அன்றே தமிழ் எழுதுவதை நிறுத்திவிடும்.

அம்மாணவி திருத்திய கட்டுரையை வீட்டில் வைத்திருந்தார். நாள்தோறும் தமிழ் முரசு படிக்கும் அவர் பாட்டி அதை எடுத்துப் படித்தாராம். பேத்தி எழுதிய ஒன்றை அவர் படித்தது அதுவே முதன்முறை. படித்து முடித்துவிட்டு, "பூ வாங்குனது கேம்பல் லேன்ல இல்லம்மா, பஃப்ளோ ரோட்டுல" என்று திருத்தம் சொன்னாராம். நாம் இட்ட சிவப்பு மைத் திருத்தங்கள் எவையும் அம்மாணவியை அவ்வளவு மகிழ்வித்ததில்லை.