மார்க்ஸ் போற்றிய ஸ்பார்ட்டகஸ்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1865ஆம் ஆண்டில் மார்க்சின் புதல்வியர் ஜென்னியும் லாராவும் தந்தையிடம் ஒரு வினாப் பட்டியலை நீட்டினார்கள். விரும்பும் நிறம் எது, விரும்பும் கவிஞர் யார், வெறுக்கும் குணம் எது என்று கேட்டு விடை எழுதச் செய்வது அந்நாளில் இல்லங்களில் நடந்த ஒரு பொழுதுபோக்கு. நாயகர் யார் என்ற கேள்விக்கு மார்க்ஸ் இரண்டு பெயர்களை எழுதினார்: ஸ்பார்ட்டகஸ், கெப்ளர். ஒருவர் ரோமாபுரியை எதிர்த்து வாளேந்திய அடிமை. மற்றவர் கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த அறிஞர். அதே பட்டியலில், மகிழ்ச்சி என்பது போராடுதல் என்றும், துன்பம் என்பது அடிபணிதல் என்றும், தாம் மிகவும் வெறுக்கும் குணம் அடிமைப்புத்தி என்றும் அவர் எழுதினார். விளையாட்டாகத் தந்த விடைகள்தாம். ஆயினும் அவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன.

பாடநூல்களில் பண்டைய கிரேக்கமும் ரோமும் அலெக்சாண்டர், சீசர், அகஸ்டஸ் ஆகியோரின் வெற்றிக் கதைகளாகவே வருகின்றன. கி.மு. 335இல் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கிய அலெக்சாண்டர், அந்நகர மக்களில் ஏறத்தாழ 30,000 பேரை அடிமைகளாக விற்றார் என்ற செய்தி அக்கதைகளில் இடம் பெறுவதில்லை. மார்க்ஸ் இந்த மாமன்னர்களை அறியாதவர் அல்லர். கிரேக்க, லத்தீன் நூல்களை மூலமொழியிலேயே படித்தவர். அறிந்தே அவர்களை ஒதுக்கினார். தோற்று மடிந்த ஓர் அடிமையைத் தேர்ந்தார். அது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

கிரேக்கத்தின் பெருமையும் எல்லையும்

கிரேக்கச் சிந்தனையில் மார்க்சுக்கு இருந்த ஈடுபாடு ஆழமானது. 1841இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, டெமாக்ரிட்டஸ், எபிகியூரஸ் ஆகிய இருவரின் இயற்கைத் தத்துவத்தைப் பற்றியது. தேவர்கள் மனித வாழ்வில் தலையிடுவதில்லை. சாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று கற்பித்தவர் எபிகியூரஸ். ஏதென்சில் அவர் அமைத்த 'தோட்டம்' எனும் கல்விக்கூடத்தில் பெண்களும் அடிமைகளும் இடம் பெற்றனர். மானுடத்துக்காக நெருப்பைக் கவர்ந்து வந்த புரோமித்தியசின் கதையைப் பாடிய ஈஸ்கிலஸ், மார்க்ஸ் பெரிதும் விரும்பிய கவிஞர்களுள் ஒருவர்.

அரிஸ்டாட்டிலை மார்க்ஸ் மாபெரும் சிந்தனையாளராக மதித்தார். ஐந்து கட்டில்கள் ஒரு வீட்டுக்கு ஈடாகும் என்றால் அவ்விரண்டிலும் பொதுவாக உள்ளது எது என்ற கேள்வியின் வாசல் வரை வந்தவர் அரிஸ்டாட்டில். பொதுவாக இருப்பது மனித உழைப்பே என்ற விடையை அவரால் காண முடியவில்லை. காரணம் அறிவுக் குறைவன்று என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். அடிமைகளின் உழைப்பின் மீது நின்ற சமூகத்தில், மனிதர்களும் அவர்தம் உழைப்பும் சமம் என்ற எண்ணம் தோன்ற இடமில்லை. அரிஸ்டாட்டிலுக்கு அடிமை என்பவன் உயிருள்ள ஒரு கருவி. மாமேதையின் கண்ணையும் மறைக்கும் வலிமை உற்பத்தி உறவுகளுக்கு உண்டு.

பேசும் கருவிகள்

ரோமில் அக்கருத்து ஒரு கணக்குப் புத்தகமாகவே மாறியது. வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, நிலத்தில் பயன்படும் கருவிகளை மூவகையாகப் பிரித்ததைக் குறிப்பிடுகிறார்: பேசும் கருவி, அரைகுறையாக ஒலியெழுப்பும் கருவி, பேசாத கருவி. அடிமை முதல் வகை, எருது இரண்டாவது, வண்டி மூன்றாவது. அவருக்கு முன்பே கேட்டோ, கிழட்டு எருதுகளையும் பழைய வண்டியையும் விற்பதுபோல் முதுமையுற்ற அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடும்படி பண்ணை முதலாளிகளுக்கு அறிவுரை கூறினார். டீலோஸ் தீவின் சந்தை ஒரே நாளில் பதினாயிரக்கணக்கான அடிமைகளை இறக்கி ஏற்றி அனுப்பவல்லது என்று ஸ்டிராபோ எழுதுகிறார்.

போர்களில் பிடிபட்டோர் இத்தாலியின் பெரும்பண்ணைகளில் குவிந்தனர். அப்போர்களில் ஆண்டுக்கணக்கில் வாளேந்திய ரோமானியக் குடியானவரோ, வீடு திரும்பியபோது தம் நிலத்தை இழந்து நின்றனர். ஒருபுறம் நிலமற்ற சுதந்திர ஏழை. மறுபுறம் சங்கிலியிட்ட அடிமை. இருவரையும் ஒரே பண்ணை விழுங்கியது.

ரோமின் நில உச்சவரம்பு

இந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் கிராக்கஸ் சகோதரர்கள். கி.மு. 133இல் மக்கள் பிரதிநிதியாகத் தேர்வு பெற்ற டைபீரியஸ் கிராக்கஸ், பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய வரம்பைச் செயலாக்க முற்பட்டார். அது இன்றைய அளவில் ஏறத்தாழ 125 ஹெக்டேர். உபரி நிலத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவரது சட்டம். அவ்வரம்பைச் செல்வர்கள் நெடுங்காலம் எப்படி ஏய்த்தார்கள் என்பதைப் புளூட்டார்க் குறித்து வைத்திருக்கிறார்: இல்லாத ஆட்களின் பெயர்களில் நிலத்தைத் தமதாக்கிக் கொண்டார்கள். இந்தியாவின் எந்த மாநிலத்திலும் நிலத்துக்காகப் போராடிய எந்தத் தோழருக்கும் 'பினாமி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அச்சொல் இல்லாமலே அத்தொழில் ரோமில் நடந்தது.

சட்டம் நிறைவேறியது. ஆனால் அவ்வாண்டு முடியும் முன்பே செனட்டர்கள் தம் ஆட்களுடன் திரண்டு, உடைந்த இருக்கைகளின் கால்களாலும் தடிகளாலும் டைபீரியசை அடித்துக் கொன்றனர். அவருடன் 300 பேருக்கு மேல் மாண்டனர். உடல்கள் டைபர் ஆற்றில் எறியப்பட்டன. தம்பி கையஸ், ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தானியம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கி.மு. 121இல் அவரும் மாண்டார். அவர் தரப்பில் 3,000 பேர் கொல்லப்பட்டதாகப் புளூட்டார்க் கூறுகிறார். தம் உடைமைக்கு ஆபத்து நேர்ந்த கணத்தில், சட்டத்தின் காவலர்களே சட்டத்தை மிதித்தார்கள்.

கிராக்கஸ் சகோதரர்களின் திட்டத்தில் ரோமானியக் குடிமகனுக்கு நிலம் இருந்தது. அந்நிலங்களில் உழைத்த அடிமைக்கு எதுவும் இல்லை. ரோமில் வர்க்கப் போராட்டம் சுதந்திரச் செல்வருக்கும் சுதந்திர ஏழைக்கும் இடையே மட்டுமே நடந்தது. அடிமைகள் அப்போராட்டத்தைத் தாங்கிய அசைவற்ற பீடமாகவே இருந்தனர் என்ற கருத்தை மார்க்ஸ் 1869இல் எழுதினார். அந்தப் பீடம் எழுந்து நடந்த அரிய வேளைகளில் ஒன்றுதான் ஸ்பார்ட்டகஸ்.

சமையலறைக் கத்தியிலிருந்து

கி.மு. 73இல் கபுவா நகரில், ஒருவரையொருவர் வெட்டி மாய்த்துக் காண்போரை மகிழ்விப்பதற்காக கிளாடியேட்டர்களைப் பழக்கும் கூடம் ஒன்றிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் தப்பினர். அவர்களின் முதல் ஆயுதங்கள் சமையலறைக் கத்திகளும் இறைச்சி சுடும் கம்பிகளும். திரேஸ் நாட்டவரான ஸ்பார்ட்டகஸ் தலைவரானார்; கிரிக்சஸ், ஈனோமாஸ் ஆகியோர் துணைத் தலைவர்கள். வெசூவியஸ் மலையில் தங்கிய அவர்களை 3,000 வீரர்களுடன் கிளேபர் முற்றுகையிட்டு, இறங்கும் ஒரே வழியை அடைத்தார். முற்றுகையிடப்பட்டவர்களோ காட்டுத் திராட்சைக் கொடிகளைத் திரித்து ஏணியாக்கிச் செங்குத்துப் பாறை வழியே இறங்கி, ரோமானிய முகாமைப் பின்புறமிருந்து தாக்கிச் சிதறடித்தனர்.

தப்பிய அடிமைகளோடு வயல்களில் உழைத்த சுதந்திர மனிதர் சிலரும் வந்து சேர்ந்தனர் என்று அப்பியன் எழுதுகிறார். படை 70,000 ஆயிற்று. பின்னர் 1,20,000 ஆயிற்று என்கிறார். கைப்பற்றிய பொருள் அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. வணிகர் எவரும் பொன்னையோ வெள்ளியையோ முகாமுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஸ்பார்ட்டகஸ் ஆணையிட்டார். இரும்பும் வெண்கலமும் மட்டுமே வாங்கப்பட்டன. இதை எழுதியவர் ஸ்பார்ட்டகசின் தோழர் அல்லர். ஆளும் வர்க்கத்தின் வரலாற்றாசிரியர். ஸ்பார்ட்டகஸ் எழுதிய ஒரு வரிகூட எஞ்சவில்லை. பகைவரின் ஏட்டிலேயே இவ்வளவு எஞ்சியிருக்கிறது.

1861 பிப்ரவரி 27 அன்று எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், மாலை வேளைகளில் இளைப்பாறுதலுக்காக அப்பியனின் நூலைக் கிரேக்க மூலத்தில் படித்து வருவதாக மார்க்ஸ் குறிப்பிட்டார். பண்டைய வரலாறு முழுவதிலும் ஸ்பார்ட்டகசைப் போன்ற மேன்மையானவர் இல்லை. மாபெரும் தளபதி, உயர்ந்த பண்பினர், பண்டைய பாட்டாளி வர்க்கத்தின் உண்மையான பிரதிநிதி என்பது அவர் மதிப்பீடு. 'மாபெரும்' என்ற பட்டம் சூடிய பாம்பேயை அதே கடிதத்தில் அவர் கடுஞ்சொல்லால் தள்ளினார்.

இந்த மதிப்பு ஸ்பார்ட்டகசைத் தெய்வமாக்குவதற்கன்று. கிரிக்சஸ் மடிந்தபோது, 300 ரோமானியக் கைதிகளை அவருக்காகப் பலியிட்டது அப்படை. கொடுமை கற்பித்த பாடத்தை அடிமைகளும் கற்றிருந்தார்கள்.

தோல்வியின் காரணங்கள்

கி.மு. 72இல் இரு கான்சல்களின் படைகளும் ஸ்பார்ட்டகசிடம் தோற்றன. வடக்கே முட்டினா அருகில் ஆளுநரின் படையும் தோற்றது. ஆல்ப்ஸ் மலைக்கு வழி திறந்தது. ஆயினும் படை தெற்கே திரும்பியது. தீப்பற்றி எரியும் வீடுகளை மலிவு விலைக்கு வாங்கியே செல்வம் பெருக்கிய கிராசசிடம் செனட் போரை ஒப்படைத்தது. அஞ்சி ஓடிய தன் வீரர்களில் 500 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பத்துக்கு ஒருவரைக் கொல்ல அவர் ஆணையிட்டார். சிசிலிக்குக் கடந்து அங்கே கனன்றுகொண்டிருந்த அடிமைப் போரை மீண்டும் மூட்ட ஸ்பார்ட்டகஸ் திட்டமிட்டார். படகு தருவதாகப் பணம் பெற்ற கடற்கொள்ளையர் கைவிட்டுச் சென்றனர்.

பிளவும் அப்படையைத் தின்றது. முதலில் கிரிக்சஸ் பிரிந்து சென்று அழிந்தார். பின்னர் கேன்னிகஸ், காஸ்டஸ் தலைமையில் இன்னொரு பிரிவு தனியே நின்று வீழ்ந்தது. அதில் மாண்ட 12,300 பேரில் முதுகில் காயம் பட்டவர்கள் இருவர் மட்டுமே என்கிறார் புளூட்டார்க். வீரம் குறையவில்லை, ஒற்றுமைதான் குறைந்தது.

கி.மு. 71இல் இறுதிப் போர் நடந்தது. தம் குதிரையைக் கொண்டுவரச் செய்து, வென்றால் பகைவரின் குதிரைகள் கிடைக்கும், தோற்றால் குதிரை தேவைப்படாது என்று சொல்லி, அதைத் தாமே வெட்டிவிட்டு ஸ்பார்ட்டகஸ் களம் புகுந்தார். அவர் உடல் கிடைக்கவில்லை. பிடிபட்ட 6,000 பேர் கபுவாவிலிருந்து ரோம் வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிலுவையில் அறையப்பட்டனர். அடிமைகளோடு நடந்ததைப் போர் என்று கொண்டாட ரோம் வெட்கியது. கிராசசுக்கு முழு வெற்றி ஊர்வலம் மறுக்கப்பட்டது.

இத்தாலியின் எந்த நகரமும் ஸ்பார்ட்டகசின் பக்கம் வரவில்லை என்ற அப்பியனின் குறிப்பே இத்தோல்வியின் திறவுகோல். கிராக்கஸ் சகோதரர்களின் பின்னால் நின்ற ஏழைக் குடிமகன் அடிமையைத் தன் தோழனாகக் காணவில்லை. குடியுரிமை எனும் சிறு மேன்மை அவன் கண்ணை மறைத்தது. இரு போராட்டங்களும் அறுபது ஆண்டு இடைவெளியில், தனித்தனியே, ஒரே கையால் நசுக்கப்பட்டன. பழைய உற்பத்தி முறையை மாற்றிப் புதியதைப் படைக்கும் வல்லமை அன்றைய எந்த வர்க்கத்துக்கும் இன்னும் வாய்த்திருக்கவில்லை என்பதும் உண்மை.

பெயர் திரும்பி வந்தது

நசுக்கப்பட்ட பெயர்கள் அழியவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் சமத்துவத்துக்காகப் போராடி 1797இல் கொல்லப்பட்ட பபேஃப், கிராக்கஸ் என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். ஹெய்ட்டியில் அடிமைகளின் விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய துசான் லுவெர்த்தூர் கறுப்பு ஸ்பார்ட்டகஸ் என்று அழைக்கப்பட்டார். அப்போர் வென்றது. முதல் உலகப் போரை எதிர்த்த ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் தம் இயக்கத்துக்கு ஸ்பார்ட்டகஸ் பெயரையே வைத்தனர். 1919 ஜனவரி 15 அன்று இருவரும் கொல்லப்பட்டனர். அமெரிக்காவில் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்ற ஹோவர்ட் ஃபாஸ்ட், 1951இல் 'ஸ்பார்ட்டகஸ்' நாவலைத் தாமே வெளியிட்டார்.

தோழர்களே, ரோமின் ஏழைக் குடிமகனுக்கும் அடிமைக்கும் இடையே நின்ற சுவர் இன்று வேறு பெயர்களில் நிற்கிறது: நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, சிறு விவசாயி, நிலமற்ற கூலி, உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி. 2020 நவம்பர் 26 அன்று மத்தியத் தொழிற்சங்கங்களின் அகில இந்திய வேலைநிறுத்தமும், விவசாயிகளின் தில்லி நோக்கிய பயணமும் ஒரே நாளில் நடந்தன. ஓராண்டுக்கு மேல் தில்லியின் எல்லைகளில் விவசாயிகள் அமர்ந்திருந்தார்கள். மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. 29 சட்டங்களைக் கரைத்து உருவாக்கப்பட்ட நான்கு தொழிலாளர் தொகுப்புகளோ திரும்பப் பெறப்படவில்லை. பாதி வேலை முடிந்தது, பாதி எஞ்சியுள்ளது. ரோமில் சேராத இரு கைகளையும் இங்கே சேர்ப்பதும், சாதியின் பெயரால் அவை விலகாதபடி காப்பதுமே ஸ்பார்ட்டகசுக்குச் செய்யும் அஞ்சலி.