சைதாப்பேட்டைப் பாலமும் மூன்று மொழிக் கல்வெட்டும்
(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"சாலைகளையும் பாலங்களையும் ஆங்கிலேயர் அமைத்தனர்" என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரியை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், சற்று உரசிப் பார்ப்போம்.

புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கமிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி அது. நடுவே அடையாறு குறுக்கிடுகிறது. கோடையில் இறங்கி நடக்கலாம்; ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726-இல் அங்கே பாலம் கட்டியவர் ஆளுநர் அல்லர், கம்பெனியும் அன்று. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். செலவு 30,000 வராகன். பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகனும் ஒதுக்கினார். கட்டியதோடு கைகழுவாமல், பிற்காலப் பழுதுக்கும் அன்றே பணம் வைத்திருக்கிறார் பாருங்கள்! பரங்கிமலை உச்சிக்கு ஏறும் 160 படிகளும் அவர் கட்டியவையே. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றியபோது அவர்கள் பக்கம் சேர மறுத்துச் சொத்தை இழந்தார், 1751-இல் காலமானார்.

அந்தப் பாலத்தின் பெயர் மார்மலாங் பாலம். மாம்பலம்தான் வெள்ளையர் வாயில் மார்மலாங் ஆனது. ஊர்ப்பெயர் திரிந்த கதை மாணவர்களுக்கு எப்போதும் பிடிக்கும், சொல்லிப் பாருங்கள்.

ஆற்றைக் கடக்க வசதி வந்ததும் வடகரையிலிருந்த சைதாப்பேட்டையின் போக்கும் மாறியது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே இருந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேரும் சைதாப்பேட்டை வேளாண் பள்ளியில்தான். 1906-இல்தான் அது கோவைக்குப் போனது. 1856-இல் வேப்பேரியில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பின்னர் இங்கே வந்து, பலரும் அறிந்த ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பயிற்சி பெற்றது அங்கேதான். நம் தொழிலின் வரலாறும் இந்தச் சாலையோரம் கிடக்கிறது.

1960-களில் பழைய பாலம் போய், மறைமலை அடிகள் பாலம் வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது, அந்தப் பாலத்திலும் போக்குவரத்து நின்றது. கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. உஸ்கான் காலத்து யாத்திரிகர் போலவே மக்கள் கரையில் நின்றார்கள். உங்கள் மாணவர்களின் பெற்றோரிடம் அந்த இரவைக் கேட்டு எழுதிவரச் சொன்னால், அதுவும் வரலாற்றுச் சான்றுதான்.

பழைய பாலத்தின் நினைவுக் கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் தப்பி நின்றது. லட்சக்கணக்கானோர் திரும்பிப் பாராமல் கடந்துபோன கல். பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் எழுத்து. ஆட்சி மொழியாகப் பாரசீகம்; திருச்சபைக்கு லத்தீன்; கட்டியவரின் தாய்மொழி ஆர்மீனியம். இதன் படத்தை எட்டாம் வகுப்பில் காட்டி, விளக்கம் எதுவும் சொல்லாமல் முதலில் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். கம்பெனியின் ஊரில் ஆங்கிலம் ஏன் இல்லை? அன்றாடம் பாலத்தில் நடந்தவர்களின் தமிழ் ஏன் இல்லை? பதில்களைக் கரும்பலகையில் அப்படியே எழுதுங்கள். திருத்துவது அடுத்த பாடவேளையில் இருக்கட்டும்.