கூட்டமும் தனிமனிதனும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘சமுதாயச் சூழலும் தனிமனித ஒழுக்கமும்’ என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. அதைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது நூல் எதுவுமன்று; ஒரு தேநீர்க் கடை. என் சிறுவயதில் அக்கடையின் உள்ளே கண்ணாடித் தம்ளர்கள் இருக்கும். வெளியே கூரைச் சட்டத்தில் அலுமினியக் குவளைகள் தொங்கும். எது யாருக்கு என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒருநாள் விளையாட்டாக வெளிக்குவளை ஒன்றைக் கையில் எடுத்தேன். யாரும் அதட்டவில்லை. கடையில் பேச்சு நின்றது, அவ்வளவுதான். எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். அதன்பின் பல ஆண்டுகள் அக்குவளைகளை நான் கவனித்ததாகவே நினைவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மனித ஒழுக்கத்தை அதனோடு பொருத்திக் காட்டியது. சேரும் இனத்தால் அறிவு திரியும் என்பதற்காகவே வள்ளுவர் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார்.

இவ்வூரில் நின்றுகொண்டு இப்பொருள் பற்றிப் பேசுகிறவன் வாச்சாத்தியைச் சொல்லாமல் போக முடியாது. சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அந்தப் பழங்குடிச் சிற்றூருக்குள் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். வீடுகளைச் சூறையாடினர், கிணற்று நீரையும் பாழாக்கினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர். ஊர்ப் பெரியவரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அப்பெண்களையே கட்டாயப்படுத்தினர் என்பதும் பின்னர் வெளிவந்த செய்தி.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேருமா பிறவிக் கொடியவர்கள்? தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்கள். மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கி வீட்டுக்குப் பலகாரம் வாங்கிப் போனவர்கள். இதுதான் என்னை உறங்கவிடாத செய்தி.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். விளம்பரம் பார்த்து வந்த சாதாரண மனிதர்களிடம், அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும் போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். உண்மையில் மின்சாரம் பாயவில்லை; வந்தவர்களுக்கு அது தெரியாது. ‘தொடருங்கள்’ என்று ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காரணத்தால் 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். ஆனால் உடன் இருந்த வேறு இருவர் ‘எங்களால் முடியாது’ என்று எழுந்தபோது, கடைசி வரை சென்றவர்கள் 40 பேரில் நால்வர் மட்டுமே. முதல் எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவது எண்ணை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதற்குக் கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய கொடுமைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் பேனாவில் முதலில் வந்து விழும் சொல் ‘மிருகம்’. நானும் எழுதியிருக்கிறேன். அச்சொல்லை எழுதும்போது அவர்கள் வேறு, நாம் வேறு என்று ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம். குவளையைத் திரும்ப மாட்டிய சிறுவன் அந்த வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறான்? பழங்குடி என்றால் திருடன், மலை என்றால் கடத்தல் என்று அந்த 269 பேருக்கும் யார், எப்போது, எந்தத் திண்ணையில் வைத்துக் கற்பித்தார்கள்? அந்தத் திண்ணையை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சூழல்தான் செய்வித்தது என்றால் குற்றவாளியே இல்லையா என்று கேட்பீர்கள். அதற்கான விடையை வாச்சாத்திப் பெண்கள் தந்துவிட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் துணைநிற்க, 1995-இல் உயர்நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். 215 பேர் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் தாமே வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்தார்.

கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகவே மறைந்துவிடலாம் என்று எண்ணியிருக்கக் கூடும். எழுதப் படிக்க வாய்ப்பில்லாது வளர்ந்த பெண்கள் நீதிமன்றத்தில் நின்று, ‘இவர், இவர்’ என்று ஆள் ஆளாகச் சுட்டினார்கள்.